ஆல்பனி கவுண்டியின் கல்லறைகளில் உறங்கும் அரசியலாளர்கள்: கவுண்டி மன்றத்திற்கு ஒரு திறந்த மடல்

ஆல்பனி கவுண்டி மன்ற உறுப்பினர்கள் 39 பேருக்கும் வணக்கம்.

நியூயார்க் மாநிலத்தின் தலைநகரம் உங்கள் எல்லைக்குள் இருப்பதால், இந்த மாநிலத்தை ஆண்டவர்களும், ஆள முயன்று தோற்றவர்களும், தாங்கள் நாற்காலியில் அமராமல் மற்றவர்களை அமர்த்தியவர்களுமாகப் பலர் உங்கள் கவுண்டியின் மண்ணிலேயே அடக்கமாகியிருக்கிறார்கள். ஓர் அமெரிக்க அதிபர், அமெரிக்க அரசமைப்பில் கையெழுத்திட்ட ஒருவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், ஆளுநர்கள், செனட்டர்கள், மேயர்கள் என்று அந்த வரிசை நீளும். கவுண்டியின் எல்லாக் கல்லறைத் தோட்டங்களிலும் அடங்கியுள்ள அரசியலாளர்களைப் பற்றி முழுமையான பதிவேடு ஒன்றை மன்றமே பொறுப்பேற்றுத் தொகுத்து மக்கள் முன் வைக்க வேண்டும் என்பதும், அந்தப் பதிவேட்டில் ஒவ்வொருவரும் வகித்த பதவியோடு, அந்தப் பதவியைக் கொண்டு அவர் மக்களுக்கு என்ன செய்தார் என்பதும் இடம்பெற வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

இந்தக் கவுண்டியில் வீடு வாங்கி, சொத்து வரி கட்டி, தவறாமல் வாக்களித்து வரும் தமிழன் நான். இம்மடலின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்திற்குத் தனியே அனுப்புகிறேன். இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களும் படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்டால் தங்கள் பகுதி உறுப்பினரிடம் இதே கோரிக்கையை வைக்க வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் வெளியிடுகிறேன். ஓர் ஊரில் வேர்விட வந்தவர்கள் அந்த ஊரை ஆண்டவர்கள் யார் என்பதை அறிந்திருக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். அந்த அறிவைத் தேடி ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது என்னிடம் தரப்பட்டது பெயர், பதவி, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என்று நான்கே கட்டங்கள் கொண்ட ஒரு தாள். வரலாற்று ஆர்வலர்கள் தங்கள் சொந்த உழைப்பில் தொகுத்தவை அதைவிட எவ்வளவோ மேலானவை. ஆனால் தனிமனிதர்களின் ஆர்வம் அவர்களோடு முடிந்துவிடக் கூடியது என்பதால்தான் மன்றத்தை நோக்கி எழுதுகிறேன்.

கொலோனி நகரியத்தில் மெனாண்ட்ஸ் சிற்றூரை ஒட்டி 467 ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கும் ஆல்பனி ரூரல் கல்லறைத் தோட்டத்தை உங்களில் அறியாதவர் இருக்க முடியாது. 1841-இல் அதற்கான சங்கம் அமைந்தது. 1844-இல் நிலம் சடங்கு முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. அங்கே 21-ஆவது அதிபர் செஸ்டர் ஆலன் ஆர்தர், அவருக்கு முன்பே 1880-இல் இறந்த மனைவி எல்லனின் அருகில் அடங்கியிருக்கிறார். கரும்பளிங்காய் மின்னும் கிரானைட் பேழை. அதன் ஓரத்தில் ஆளுயரத்திற்கும் மேலாக நிற்கும் வெண்கலத் தேவதை. அவள் கை பேழையின் மேல் ஒரு பனை ஓலையை வைத்துக்கொண்டிருக்கும். இஃப்ரயிம் கைசர் என்ற சிற்பி செய்தது. மழைநீர் வழிந்து வழிந்து வெண்கலம் பச்சை பூத்திருக்கிறது. ஆர்தரின் பிறந்த நாளான அக்டோபர் 5 அன்று ஆண்டுதோறும் பதவியிலிருக்கும் அதிபரின் பெயரால் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

அதே தோட்டத்தில்தான் வில்லியம் மார்சியும் இருக்கிறார். 1833 முதல் 1838 வரை ஆளுநர், அதற்கு முன் செனட்டர், பின்னர் போல்க் ஆட்சியில் போர்த்துறைச் செயலர், பியர்ஸ் ஆட்சியில் வெளியுறவுச் செயலர். மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. தேர்தலில் வென்ற கட்சி அரசு வேலைகளைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதைத் தற்காத்து 1832-இல் செனட்டில் பேசிய அவர், எதிரியின் பொருள் வென்றவனுக்கே உரியது என்ற விதியில் தமக்குத் தவறேதும் தெரியவில்லை என்றார். அந்தப் பேச்சு அரை நூற்றாண்டுக் காலம் இந்த நாட்டின் அரசு வேலைகளை ஆட்டிப்படைத்த ஒரு முறைக்குப் பெயராகவே நிலைத்தது. அந்த முறையின் செல்லப்பிள்ளையாக வளர்ந்தவர் ஆர்தர். நியூயார்க் துறைமுகத்தின் சுங்க வசூல் அதிகாரியாக இருந்து, கட்சிக்கு வேலை செய்பவர்களால் அந்த அலுவலகத்தை நிரப்பியவர் என்ற குற்றச்சாட்டின் நடுவே 1878-இல் அதிபர் ஹேஸால் பதவி நீக்கம் செய்யப்பட்டவர். வேலை கிடைக்காத ஒருவன் சுட்டதில் அதிபர் கார்ஃபீல்ட் 1881-இல் இறந்து, துணை அதிபராக இருந்த ஆர்தர் அந்த நாற்காலிக்கு வந்தபோது அவரிடம் நல்லதை எதிர்பார்த்தவர்கள் மிகக் குறைவு. அவரோ 1883 ஜனவரி 16 அன்று பெண்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேர்வு எழுதி, தகுதியின் அடிப்படையில் அரசு வேலைக்குச் சேரும் வழி அதனால்தான் திறந்தது. ஊழியரின் சம்பளத்தில் கட்சிக்குக் கட்டாயப் பங்கு கேட்பதும் அதனால்தான் குற்றமாயிற்று.

இருவருடைய கல்லறைகளும் ஒரே தோட்டத்தில் இருக்கின்றன. ஆனால் என்னிடம் தரப்பட்ட தாளில் ஒருவர் ஆளுநர், மற்றவர் அதிபர். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒருவர் நியாயப்படுத்திய முறையை மற்றவர் சட்டத்தால் முடக்கத் தொடங்கினார் என்ற ஒரு வரியை அங்கே சேர்த்திருந்தால், பள்ளியிலிருந்து அழைத்து வரப்படும் ஒரு பிள்ளைக்கு அந்தத் தோட்டம் அரசியல் பாடமாகவே ஆகியிருக்கும்.

ஆர்தரைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் பதிவேட்டில் இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். 1854-இல் நியூயார்க் நகரத்தில் கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் டிராம் வண்டியிலிருந்து வலுக்கட்டாயமாக இறக்கிவிடப்பட்ட ஆசிரியை எலிசபெத் ஜென்னிங்ஸுக்காக மறு ஆண்டு வழக்காடி வென்ற இளம் வழக்கறிஞர் இவர்தான். அது அவருடைய பெருமை. 1882-இல் சீனத் தொழிலாளர்கள் இந்த நாட்டிற்குள் வருவதைத் தடுத்த சட்டத்தில் கையெழுத்திட்டவரும் இவர்தான். இருபது ஆண்டுத் தடை கேட்ட முதல் மசோதாவை அவர் திருப்பி அனுப்பியது உண்மை. பத்து ஆண்டாகக் குறைத்து வந்ததும் ஒப்பம் வைத்ததும் உண்மை. ஓர் இனத்தின் பெயரைச் சொல்லிக் குடியேற்றத்தை மறுத்த அந்தச் சட்டம் 1943 வரை நீக்கப்படவில்லை. ஆசியாவிலிருந்து வந்து குடியுரிமை பெற்ற என்னைப் போன்றவர்கள் அந்தத் தேவதையின் முன் நிற்கும்போது இரண்டையும் சேர்த்தே அறிந்திருக்க வேண்டும்.

கோரிக்கையின் உயிர்நாடி என்று நான் கருதுவது வேறோர் இடத்தில் இருக்கிறது. மூன்றாம் ஸ்டீபன் வான் ரென்சலேர், இந்தக் கவுண்டியின் நிலத்தில் பெரும் பகுதிக்கு உடைமையாளர்; ஊரார் அவரைப் பேட்ரூன் என்று அழைத்தனர். துணை ஆளுநர், காங்கிரஸ் உறுப்பினர், 1824-இல் டிராய் நகரத்தில் இன்றுவரை நிலைத்திருக்கும் பொறியியல் கல்விக்கூடத்தை நிறுவியவர். 1825-இல் அதிபர் தேர்தல் பிரதிநிதிகள் சபைக்கு வந்து, நியூயார்க் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றபோது, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு வெற்றி தந்த வாக்கு அவருடையது. வாக்களிக்கும் முன் கண்மூடிப் பிரார்த்தித்துவிட்டுத் திறந்தபோது ஆடம்ஸ் பெயர் எழுதிய சீட்டு தரையில் கிடந்ததைக் கண்டு அதையே பெட்டியில் போட்டார் என்று ஒரு கதையும் உண்டு. 1839-இல் இறந்தார், இப்போது ஆல்பனி ரூரலில் இருக்கிறார்.

அவருடைய நிலத்தை உழுதவர்கள் ஹெல்டர்பெர்க் மலையூர்களான பெர்ன், நாக்ஸ், வெஸ்டர்லோ, ரென்சலேர்வில் ஆகியவற்றின் குடியானவர்கள். தலைமுறை தலைமுறையாகக் காடு திருத்திக் கல் பொறுக்கி வயலாக்கிய பின்னும் நிலம் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. ஆண்டுதோறும் இத்தனை புஷல் கோதுமை, நான்கு கொழுத்த கோழிகள், வண்டி மாட்டி ஒரு நாள் வேலை என்று குத்தகை அளக்க வேண்டும். உழுதவர் தம் உரிமையை இன்னொருவருக்கு விற்றால் விலையில் நான்கில் ஒரு பங்கு பேட்ரூனுக்குப் போகும். இதைப் படிக்கும் தமிழர் எவருக்கும் பண்ணையாரும் வாரமும் என்னவென்று விளக்கத் தேவையில்லை. முதிய பேட்ரூன் தம் காலத்தில் பாக்கியைக் கேட்காமல் விட்டு வைத்ததால் நல்லவர் என்றே பெயர் வாங்கியிருந்தார். அவருடைய உயிலோ தேங்கிய பாக்கியை வசூலிக்கச் சொன்னது. 1839 முடிவதற்குள் ஆல்பனியிலிருந்து ஷெரிஃப் ஆட்களோடு மலையேறினார். குடியானவர்கள் தகர ஊதுகொம்பு ஒலித்துத் திரண்டு வழிமறித்தனர். ஆளுநர் சீவர்ட் படையை அழைத்தார். கிளர்ச்சி பல கவுண்டிகளுக்குப் பரவி, ஆண்டுக்கணக்கில் நடந்து, 1846-இன் மாநில அரசமைப்பில் போய் நின்றது: வேளாண் நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடக்கூடாது என்று அது விதித்தது.

இந்தக் கிளர்ச்சியால் அரசியலில் உயர்ந்தவர்களும், அதை அடக்கியவர்களும் ஆல்பனி ரூரலில் பெரிய கற்களின் கீழ் இருக்கிறார்கள். குத்தகை எதிர்ப்பாளர்களின் ஆதரவில் சட்டமன்றம் சென்ற ஐரா ஹாரிஸ் பின்னாளில் லிங்கன் காலத்துச் செனட்டரானார். 1865-இல் ஃபோர்டு அரங்கில் லிங்கன் சுடப்பட்டபோது அவரோடு அதே மாடத்தில் அமர்ந்திருந்த கிளாரா அவருடைய மகள். 1845-இல் டெலாவேர் கவுண்டியில் கிளர்ச்சிக்காரர்களை விசாரித்துத் தண்டித்த நீதிபதி அமாசா பார்க்கர் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்தவர். இவர்கள் இருவருமே நான்கு கட்டத் தாளில் வந்துவிடுவார்கள். பெர்னில் மாநாடு கூட்டியவர்களும், ஊர்க்குழுக்களில் பேசியவர்களும், மனு எழுதி ஆல்பனிக்கு நடந்தவர்களும் வரமாட்டார்கள். நகரிய அலுவலர், சமாதான நீதிபதி என்று சிறு பதவிகளை வகித்தவர்களும் மலையூர் மக்களிடையே உண்டு. ஓர் அரசமைப்பை மாற்ற வைத்தவர்களை அரசியலாளர்கள் என்று சொல்லாவிட்டால் வேறு எவரை அப்படிச் சொல்வது? மலையூர்களின் தேவாலய முற்றங்களிலும், பண்ணை வேலியோரத்துக் குடும்ப இடுகாடுகளிலும் உள்ள அவர்களுடைய கல்லறைகளையும் பேட்ரூனின் கல்லறையையும் ஒரே பதிவேட்டில் சேர்ப்பது மன்றத்தின் கடமை என்பதே என் உறுதியான கருத்து.

ஃபிலிப் ஸ்கைலரின் நிலை இதைவிடக் கூர்மையானது. புரட்சிப் போரின் தளபதி, செனட்டர், அலெக்சாண்டர் ஹாமில்டனின் மாமனார். 1804 நவம்பர் 18 அன்று இறந்தவர். அவருடைய வெண்கலச் சிலை 1925 முதல் ஆல்பனி நகர மண்டபத்தின் முன் நின்றது. அவர் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர் என்பதால் 2023 ஜூனில் அகற்றப்பட்டது. சிலையைப் பற்றி இந்த ஊரில் வேண்டிய அளவு வாதாடிவிட்டார்கள். அதை இங்கே நான் மறுபடி கிளப்பவில்லை. ஆல்பனி ரூரலில் உள்ள அவருடைய கல்லறை அகற்றப்படப் போவதில்லை, அகற்றவும் கூடாது. ஆகவே அந்தக் கல்லறையின் அருகில் வருகிறவர் என்ன அறிந்துகொள்கிறார் என்பது ஊரின் நடுவே இருந்த சிலையைக் காட்டிலும் முக்கியமாகிவிட்டது.

2005-இல் கொலோனியில் கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது, ஸ்கைலர் ஃபிளாட்ஸ் என்ற பழைய பண்ணையின் அருகே மனித எலும்புகள் கிடைத்தன. தளபதி ஸ்கைலரின் உறவினர் கிளையொன்றுக்குச் சொந்தமான பண்ணை அது. தளபதியின் சொந்த மாளிகை ஆல்பனி நகரத்தில் இருந்தது. இந்த வேறுபாட்டைப் பதிவேடு பிசகாமல் காட்ட வேண்டும். மாநில அருங்காட்சியகத்தின் ஆய்வில் அவை அந்தப் பண்ணையில் அடிமைப்படுத்தப்பட்டிருந்த ஆப்பிரிக்க வழி மக்களுடையவை என்று தெரிந்தது. மொத்தம் 14 பேர். அவர்களில் கைக்குழந்தைகளும் உண்டு. 2016-இல் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மரப்பேழை செய்து, ஸ்கைலர் மாளிகையிலேயே மக்கள் அஞ்சலிக்கு வைத்து, பின்னர் செயின்ட் ஆக்னஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். அவர்களின் பெயரைக் கடவுள் மட்டுமே அறிவார் என்றும், வாழ்வில் அடிமைகளாயிருந்தவர்கள் இனி அடிமைகளல்லர் என்றும் அங்குள்ள கல் சொல்கிறது. செயின்ட் ஆக்னஸும் ஆல்பனி ரூரலும் அடுத்தடுத்துள்ள தோட்டங்கள். ஸ்கைலரின் பதிவைப் படிக்கும் ஒருவரை இந்தப் பதினான்கு பேரிடம் அழைத்துச் செல்லும் வரி ஒன்று அந்தப் பதிவிலேயே இருக்க வேண்டும். நியூயார்க்கில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் 1799-இல் வந்ததும், முழு விடுதலை 1827 ஜூலை 4 வரை தள்ளிப்போனதும் இதே ஆல்பனியின் சட்டமன்றத்தில் இங்கே அடங்கியிருக்கும் மனிதர்கள் கைதூக்கி எடுத்த முடிவுகளால்தான்.

பதவியை மட்டும் அளவுகோலாக்கினால் விடுபட்டுப் போகும் இன்னொருவர் ஸ்டீபன் மையர்ஸ். அடிமையாகப் பிறந்து, இளமையில் விடுதலை பெற்று, மனைவி ஹேரியட்டுடன் சேர்ந்து தெற்கிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு ஆல்பனியில் புகலிடம் தந்தவர், பத்திரிகை நடத்தியவர், 1870-இல் இறந்து ஆல்பனி ரூரலில் அடங்கியவர். 1821-இன் மாநில அரசமைப்பு வெள்ளை ஆண்களுக்குச் சொத்துத் தகுதியைத் தளர்த்திவிட்டு, கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் பெறுமான சொத்து இருந்தால்தான் வாக்கு என்று வைத்தது. அதை நீக்கக் கோரிச் சட்டமன்றத்தின் படிகளை ஏறி இறங்கியவர்களில் மையர்ஸும் ஒருவர். கறுப்பினத்தவரின் வாக்குரிமையை முடக்கிய அந்தச் சட்டமே இன்று அவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தவும் காரணமாக இருப்பதை நீங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பெண்களின் நிலையும் இதுவே. கேத்தரின் ஸ்டோன்மன் வழக்கறிஞர் தேர்வில் தேறிய பின்பும் பெண் என்பதால் மறுக்கப்பட்டு, சட்டத்தையே திருத்த வைத்து, 1886-இல் இம்மாநிலத்தின் முதல் பெண் வழக்கறிஞராகப் பதிவானார். இந்த மாநிலத்துப் பெண்களுக்கு வாக்குரிமை 1917-இல்தான் கிடைத்தது. அவருடைய கல்லறையும் ஆல்பனி ரூரலில் இருக்கிறது.

மறுபுறம், பதவி சிறிதாகவும் அதிகாரம் பெரிதாகவும் இருந்தவர்கள் உண்டு. தர்லோ வீட் மாநிலச் சட்டமன்றத்தில் இரண்டே முறை அமர்ந்தவர். பத்திரிகை ஆசிரியராக இருந்துகொண்டு ஆளுநர்களை ஆக்கியும் அழித்தும் காட்டியவர். இரண்டாம் எராஸ்டஸ் கார்னிங் 1942 முதல் 1983-இல் இறக்கும் வரை 41 ஆண்டுகள் ஆல்பனியின் மேயர். அந்த ஆட்சியைப் பின்னிருந்து நடத்திய கட்சித் தலைவர் டேனியல் ஓ'கானல் தேர்தலில் வென்று வகித்த பதவியோ 1919-இல் கிடைத்த வரி மதிப்பீட்டாளர் பதவி ஒன்றுதான். கார்னிங்கை ஓ'கானல் இல்லாமல் எழுத முடியாது.

உழைப்பாளர் பக்கத்திலும் இரண்டு கல்லறைகளைச் சேர்த்துக் காட்ட வேண்டும். ரொட்டிக் கூடத் தொழிலாளர் நாளுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேல் வேலை செய்யக்கூடாது என்று இந்த மாநிலம் இயற்றிய சட்டத்தை 1905-இல் லாக்னர் வழக்கில் செல்லாது என்று எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி ரூஃபஸ் பெக்கம் ஆல்பனி ரூரலில் இருக்கிறார். எட்டு ஆண்டு கழித்து, வேலையில் அடிபட்டவர்க்கு இழப்பீடு தரும் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் மார்ட்டின் கிளின், மாநிலத்தின் முதல் கத்தோலிக்க ஐரிஷ் வழி ஆளுநர், செயின்ட் ஆக்னஸில் இருக்கிறார்.

உடல் இல்லாத இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆல்பனியின் மேயராகவும் மாநிலத்தின் சான்சலர் என்ற உயர் நீதிபதியாகவும் இருந்த ஜான் லேன்சிங், 1787-இல் பிலடெல்ஃபியாவில் அரசமைப்பு எழுதப்படும்போது மத்திய அரசுக்கு அதிகாரம் மிகுந்துவிடும் என்று கூறிப் பாதியிலேயே வெளியேறியவர். 1829 டிசம்பர் 12 அன்று மாலை நியூயார்க் நகரத்தில் தாம் தங்கியிருந்த விடுதியிலிருந்து கடிதம் ஒன்றைத் தபாலில் சேர்க்கப் புறப்பட்டவர் திரும்பி வரவேயில்லை. 75 வயது. அவருக்கு நேர்ந்தது என்ன என்று இன்றுவரை தெரியாது. மனைவியின் கல்லறையருகே அவர் பெயர் பொறித்த நினைவுக்கல் மட்டும் இருக்கிறது. மேற்சொன்ன நீதிபதி பெக்கமின் தந்தை, காங்கிரஸ் உறுப்பினராக இருந்து நீதிபதியான மூத்த ரூஃபஸ் பெக்கம், 1873 நவம்பரில் அட்லாண்டிக்கில் வேறொரு கப்பலோடு மோதி மூழ்கிய வில் து ஆவ்ர் கப்பலோடு போனார். எங்கே உடல் இருக்கிறது என்பதையே கணக்கில் கொள்ளும் பட்டியல் இவர்களைக் கைவிடும். அரசமைப்பில் கையெழுத்திட்ட வில்லியம் பேட்டர்சனோ நியூ ஜெர்சியின் ஆளுநர். 1806-இல் ஆல்பனியில் மகள் வீட்டில் இறந்ததால் இங்கே அடக்கமானார். இவர் சேருகிறார், அவர்கள் விடுபடுகிறார்கள் என்றால் அது நியாயமான கணக்காகாது.

இனி, ஏன் இப்போதே என்று கேட்பீர்கள். ஆல்பனி ரூரலில் தேவாலயப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. இன்று வாஷிங்டன் பூங்காவாக இருக்கும் இடத்தில் முன்பு நகரத்தின் பழைய இடுகாடுகள் இருந்தன. 1860-களில் பூங்கா அமைக்க அவற்றைக் காலிசெய்து அங்கிருந்த எலும்புகளையும் கற்களையும் கொண்டுவந்து சேர்த்த இடம் அது. கற்களை நிமிர்த்தி நடாமல் வரிசையாகத் தரையில் கிடத்தியிருக்கிறார்கள். செம்மணற்கல்லின் மேலடுக்கு அப்பளம்போல் உரிந்து வருகிறது. விரலால் தடவினாலே எழுத்தின் ஓரம் பொடியாக உதிர்கிறது. பல கற்களை மண்ணும் புல்லும் மூடிக்கொண்டு, நான்கு மூலைகளின் அடையாளம் மட்டும் தெரிகிறது. டச்சு மொழியில் பொறித்த சில கற்களில் இறந்த ஆண்டின் கடைசி இலக்கம் போய்விட்டது. தன்னார்வலர்கள் அவ்வப்போது புல்லை விலக்கிப் படித்து எழுதி வைக்கிறார்கள். மலையூர் இடுகாடுகளில் அதைச் செய்யவும் ஆளில்லை.

வேலையைச் செய்யும் அமைப்பு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மாநிலத்தின் ஒவ்வொரு நகரமும் நகரியமும் சிற்றூரும் தனக்கென ஒரு வரலாற்றாளரை நியமிக்க வேண்டும் என்ற சட்டம் 1919 முதல் நடப்பில் உள்ளது. இந்தக் கவுண்டியின் மூன்று நகரங்களுக்கும் பத்து நகரியங்களுக்கும் உரிய அந்த வரலாற்றாளர்களை ஆண்டுக்கு இரண்டு முறையாவது கூட்டி, ஒரே படிவத்தில் எழுதச் செய்து, கவுண்டியின் ஆவணக் காப்பகத்தில் சேர்ப்பதற்கு ஒரு தீர்மானமும் சிறு நிதியும் போதும். கைவிடப்பட்ட இடுகாடுகளைப் பராமரிக்கும் பொறுப்பை மாநிலத்தின் நகரியச் சட்டம் நகரியங்களின் மேல் வைத்திருக்கிறது. பல நகரியங்களிடம் அதற்குப் போதிய பணமில்லை என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். பதிவேடு இருந்தால் எந்தக் கல்லை முதலில் காப்பது என்று முடிவெடுக்க இயலும்; மாநில மானியம் கேட்கும்போதும் கையில் ஆதாரம் இருக்கும். சமயச் சபைகளின் கல்லறைகள் மாநிலக் கல்லறைத் துறையின் மேற்பார்வைக்கு வெளியே நிற்பதால், செயின்ட் ஆக்னஸ் போன்றவற்றை நடத்துவோரிடமும், யூதக் கல்லறைகளை நடத்துவோரிடமும் மன்றமே நேரில் பேசி ஒத்துழைப்பைக் கேட்க வேண்டியிருக்கும். பல்கலைக்கழக மாணவர்கள் தேர்தல் பதிவுகளையும் சட்டமன்ற நடவடிக்கைகளையும் பார்த்து ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பத்தி எழுதலாம். எழுதியதை வரலாற்றாளர் சரிபார்க்கலாம்.

செத்தவர்களைக் கூண்டில் ஏற்றுவதா என்று உங்களில் சிலர் தயங்கக்கூடும். இறந்தவரைத் தூற்றலாகாது என்ற பண்பில் வளர்ந்தவன்தான் நானும். தனிமனிதரின் குடும்ப வாழ்வையும் குறைகளையும் பதிவேடு தொடவே வேண்டாம். அவர் மக்களின் பெயரால் செய்தவை, வாக்களித்தவை, கையெழுத்திட்டவை ஆகியவை மக்களுக்கு உரியவை. அவற்றைச் சொல்வது அவதூறாகாது. பெண்டில்டன் சட்டத்தை எழுதிவிட்டுச் சீனர் தடைச் சட்டத்தை மறைத்தாலும் தவறு, இதை எழுதிவிட்டு அதை மறைத்தாலும் தவறு. தீர்ப்பைப் படிக்கிறவரிடம் விட்டுவிடலாம்.

முதலில் ஆல்பனி ரூரலில் தொடங்கலாமே என்ற யோசனை இயல்பாக எழும். அங்கே பெயர்கள் தயாராக இருக்கின்றன, சுற்றுலா வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆயினும் பெர்ன், நாக்ஸ், வெஸ்டர்லோ, ரென்சலேர்வில் நான்கிலும் முதலில் தொடங்குமாறு வேண்டுகிறேன். ஆர்தரின் கிரானைட் இன்னும் நூறு ஆண்டுகள் நிற்கும். மலையூர்களின் கற்கள் ஒவ்வொரு பனிக்காலத்திலும் உறைந்து வெடிக்கின்றன, அங்கே யார் எங்கே இருக்கிறார் என்பதை நினைவிலிருந்து சொல்லக்கூடிய முதியவர்களும் குறைந்து வருகிறார்கள். வரும் வரவுசெலவுத் திட்ட விவாதத்திற்கு முன் இந்தப் பொருளை உரிய குழுவின் முன் வைத்து, பொது விசாரணைக்கு ஒரு நாள் குறிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் நேரில் வந்து பேசவும், படிவம் தயாரிக்கும் வேலையில் தோள் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆல்பனி கவுண்டியின் தமிழ் வாக்காளர் ஒருவர்